ஸ்மார்ட் கிளாஸில் ஒயர் மாட்டுகிறவள் சொல்வது

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஹைடெக் லேபையும் ஸ்மார்ட் வகுப்பறையையும் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. நான் ஆசிரியர் இல்லை. அவுட்சோர்சிங் வேலை, ஸ்டாஃப் ரூமில் எனக்கென்று நாற்காலி கிடையாது, மதியச் சாப்பாடும் லேபில்தான். பிள்ளைகள் "லேப் மிஸ்" என்பார்கள், ஆசிரியர்கள் "மேடம்" என்பார்கள், எச்.எம். "ஏம்மா" என்பார். பாடம் நடத்துகிற பொறுப்பு எனக்கு இல்லை. ஆனால் ஒரே நாளில் கணக்கு, அறிவியல், தமிழ், சமூக அறிவியல் என்று எல்லா வகுப்பையும் பின்னால் நின்று பார்க்கிற வாய்ப்பு எங்கள் பள்ளியில் என்னைத் தவிர வேறு யாருக்கும் இல்லை, எச்.எம்.முக்குக்கூட இல்லை. அப்படி நின்று பார்த்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கும், "ஸ்மார்ட் போர்டு குடுத்தாச்சு, ஏன் யாரும் தொட மாட்டேங்கிறாங்க" என்று கேட்கிறவர்களுக்கும் உதவலாம்.

மெஷினை இயக்கத் தெரியாததால்தான் ஆசிரியர்கள் ஒதுங்குகிறார்கள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதனால் பயிற்சி மேல் பயிற்சி நடக்கிறது. நான் பார்த்தவரை அது காரணம் இல்லை. போனில் ரயில் டிக்கெட் போடுகிற, பேங்க் வேலையை முடிக்கிற, வெளியூரில் இருக்கும் மகளிடம் தினமும் வீடியோ காலில் பேசுகிற அதே டீச்சர்தான் வகுப்பில் ரிமோட்டைத் தொட மாட்டேன் என்கிறார். நாற்பத்தைந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, திரை கறுப்பாக நிற்கும்போது, கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் "மிஸ், அது இல்ல மிஸ், பக்கத்து பட்டன்" என்று சொல்வான் பாருங்கள், அதுதான் காரணம். இருபத்தைந்து வருடம் சாக்பீஸோடு அதட்டி உருட்டி நின்ற இடத்தில் ஒரு நிமிடம் தடுமாறி நிற்பது யாருக்கும் கஷ்டம்தான். இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் மருந்து கிடையாது. அந்த இடத்தில்தான் என் மாதிரி ஆள் தேவைப்படுகிறது, ஒயர் மாட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

அதனால் நான் செய்கிற முதல் காரியம் ஒத்திகை. காலை பிரேயருக்கு முன்னாலோ மதிய இடைவேளையிலோ, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஆசிரியரும் நானும் மட்டும். இன்னொரு ஆசிரியர் எட்டிப் பார்த்தால்கூட நிறுத்திவிட்டு வேறு ஏதாவது பேசுவேன். மறுநாள் பாடத்துக்கு என்ன தேவையோ அதை மட்டும், ஃபைலைத் திறப்பதிலிருந்து மூடுவதுவரை, அவர் கையாலேயே செய்ய வேண்டும். மவுஸை நான் வாங்குவதே இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். தப்பாக அழுத்தட்டும், ஃபைல் மூடிக்கொள்ளட்டும், தேடட்டும். நாம் சட்டென்று மவுஸை வாங்கி "இதோ பாருங்க டீச்சர், அவ்ளோதான்" என்று முடித்துக் காட்டினால் அவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அதைவிட, அடுத்த முறை கூப்பிடவும் மாட்டார்.

ஒத்திகையிலேயே ஒரு ரகசியச் சொல்லும் பேசி வைத்துக்கொள்வோம். வகுப்பில் ஏதாவது சிக்கிக்கொண்டால் ஆசிரியர் என்னைப் பார்த்து "மேடம், வேலை செய்யலையே" என்று சொல்ல வேண்டாம். பிள்ளைகளைப் பார்த்து "நோட்டை எடுங்க, தேதி போட்டு தலைப்பை எழுதுங்க" என்று சொன்னால் போதும். பிள்ளைகள் தலை குனிந்து எழுதுகிற அந்த ஒரு நிமிடத்துக்குள் நான் பக்கவாட்டில் போய்ச் சரிசெய்துவிடுவேன். அவர்கள் நிமிரும்போது படம் வந்திருக்கும். அந்த நிமிடத்தில் வரவில்லை என்றால் தலையை மட்டும் ஆட்டுவேன், அவர் போர்டில் தொடர்வார், அன்றைக்கு மெஷின் கிடையாது. பீரியடே 40 நிமிடம். அதில் பத்து நிமிடம் கேபிளை ஆட்டிப் பார்ப்பதற்குப் போய்விட்டால் அந்த ஆசிரியர் அந்த டெர்ம் முழுக்க இந்த அறைப் பக்கம் வர மாட்டார்.

ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது திரையில் படத்தை வரவைக்க அல்ல, மறைக்க. பவர்பாயிண்ட் ஓடும்போது கீபோர்டில் B எழுத்தை அழுத்தினால் திரை கறுத்துவிடும், மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். புரொஜெக்டர் ரிமோட்டில் ஃப்ரீஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்திவிட்டால் சுவரில் இருக்கும் படம் அப்படியே நிற்கும், கம்ப்யூட்டரில் நீங்கள் அடுத்த ஃபைலை நிதானமாகத் தேடலாம், பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. இந்த இரண்டு பட்டனும் தெரிந்த பிறகு ஆசிரியர்களின் நடையே மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். திரை கறுத்த உடனே பிள்ளைகளின் கண் தானாக ஆசிரியர் பக்கம் திரும்புகிறது, அவரும் தன் பழைய குரலுக்கு வந்துவிடுகிறார். கடிவாளம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

வாட்ஸ்அப் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் தன் சொந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து மாட்டினால், முதலில் வாட்ஸ்அப் வெப் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். நாத்தனார் அனுப்பிய சீட்டுப் பணக் கணக்கு ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு முழுவதும் படிக்கிற மாதிரி மூலையில் வந்து நின்றது ஒருநாள். இப்போது வகுப்பறைக் கம்ப்யூட்டரில் "வகுப்பு" என்று தனி யூசர் அக்கவுண்ட் வைத்திருக்கிறோம், அதில் எந்தச் சொந்தக் கணக்கும் திறப்பதில்லை, அறிவிப்புகள் எல்லாம் அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன.

சரி, பாடத்துக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடம். எங்கள் சயின்ஸ் டீச்சர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது முதல்முறையாக இதற்கு ஸ்மார்ட் கிளாஸ் கேட்டார். வீடியோ எதுவும் வேண்டாம் என்று சொல்லி நான் ஃபெட் (PhET) காட்டினேன். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் 2002ல் தொடங்கிய இலவசத் திட்டம் அது, இயற்பியல், வேதியியல், கணக்குக்கெல்லாம் நாமே இழுத்துப் பொருத்திச் செய்து பார்க்கிற மாதிரி சின்னச் சின்ன செயல்விளக்கங்கள். அதில் மின்சுற்று கட்டுகிற ஒன்று இருக்கிறது. ஒரே ஃபைலாக இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொண்டால் இணையமே தேவையில்லை, பிரவுசரில் திறந்துகொள்ளும். எங்கள் மாதிரி பள்ளிக்கு இது பெரிய விஷயம்.

டீச்சர் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒயர் மாட்டினார். பல்பு எரிந்தது, ஒயருக்குள் நீலப் புள்ளிகளாக எலக்ட்ரான்கள் நகர்ந்தன. அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. இரண்டாவது பல்பைத் தொடரிணைப்பில் மாட்டுவதற்கு முன்னால் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பி நின்றார். "வெளிச்சம் கூடும்ங்கிறவங்க கை தூக்குங்க. குறையும்ங்கிறவங்க? மாறாதுங்கிறவங்க?" மூன்றுக்கும் கை வந்தது. எண்ணிக்கையைப் போர்டில் எழுதினார். அதற்குப் பிறகுதான் மாட்டினார். வெளிச்சம் குறைந்தது, புள்ளிகளும் மெதுவாக நகர்ந்தன, "கூடும்" என்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். பக்க இணைப்புக்கு வந்தபோது எல்லாரும் உஷாராகிவிட்டார்கள், கை தூக்கும் முன்னால் பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட ஆரம்பித்தார்கள். பாடம் அந்தச் சண்டையில் நடந்தது என்றுதான் சொல்வேன். கேள்வி கேட்காமல் நேராக மாட்டிக் காட்டியிருந்தால் அதுவும் ஒரு வீடியோ மாதிரி ஓடிப்போயிருக்கும்.

இதற்குள் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "மிஸ், புத்தகத்துல அம்புக்குறி பிளஸ்ல இருந்து மைனஸுக்குப் போகுது, இங்க புள்ளியெல்லாம் மைனஸ்ல இருந்து கிளம்புதே" என்றாள். நான் பின்னால் நின்றபடி கொஞ்சம் பதறினேன், ஏனென்றால் ஒத்திகையில் நாங்கள் அதைப் பேசவில்லை. டீச்சர் அசரவே இல்லை. எலக்ட்ரானைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே மின்னோட்டத்தின் திசையை முடிவு செய்துவிட்டார்கள், அதைத்தான் இன்றும் படங்களில் வரைகிறோம், நிஜத்தில் கம்பிக்குள் எலக்ட்ரான் எதிர்த்திசையில் போகிறது என்று போர்டில் இரண்டு அம்புக்குறி போட்டு முடித்தார். அந்தச் செயல்விளக்கத்திலேயே எலக்ட்ரானுக்குப் பதிலாக மரபுத் திசை அம்புகளைக் காட்டுகிற வசதி இருக்கிறது. மதியம் அதைக் காட்டினேன், "அட, முதல்லயே சொல்லக் கூடாதாம்மா" என்று சிரித்தார். அடுத்த பிரிவுக்கு நடத்தும்போது அதை அவரே பயன்படுத்தினார், நான் அருகில்கூட இல்லை.

கடைசியாகப் பிள்ளைகள் கேட்டது ஷார்ட் சர்க்யூட். பேட்டரியின் இரு முனையையும் வெறும் ஒயரால் இணைத்தால் அந்தத் திரையில் தீ எரியும். அதைப் பார்த்துவிட்டால் ஒரு வகுப்பை அடக்க முடியாது. எனவே தீயைக் கடைசி மூன்று நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் காட்டினால் பாடம் முடிந்தது. மறுநாள் லேபில் டார்ச் பல்பும் செல்லும் கொடுத்து நிஜமாகவே கட்டச் சொன்னார் டீச்சர். திரையில் எந்த ஒயரும் லூஸ் ஆவதில்லை, கையில் எடுத்தால்தான் பல்பு ஏன் எரியவில்லை என்று தேட வேண்டியிருக்கிறது. இரண்டும் வேண்டும் என்பதுதான் அவர் கட்சி, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

கணக்கு சார் வேறு ரகம். அவருக்குப் பயமெல்லாம் கிடையாது, ஆனால் நேரம் வீணாகிறது என்பார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண். சுமாராகப் படிக்கிற பிள்ளையும் இந்த 16ஐ நம்பித்தான் இருக்கும். கணக்குப் புத்தகத்தில் "இணையச் செயல்பாடு" என்று ஜியோஜீப்ரா பக்கங்கள் கியூஆர் கோடோடு இருக்கின்றன; கணக்குப் படங்களைத் திரையில் வரைந்து நகர்த்திப் பார்க்கிற மென்பொருள் அது. 2018லும் 2019லும் புதிய பாடநூல்கள் வந்தபோதே இதெல்லாம் வந்துவிட்டது. அதில் ஒன்றைத் திறந்து, ஸ்லைடரை நகர்த்தினால் பரவளையம் விரிவதையும் சுருங்குவதையும், எக்ஸ் வர்க்கத்தின் கெழு குறை எண்ணாகும்போது கவிழ்ந்துகொள்வதையும் காட்டினேன். அழகாக இருந்தது. சார் பார்த்துவிட்டு, "பரீட்சையில ஸ்லைடர் இருக்காது மேடம்" என்றார்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. எங்கள் வேலையில் இருப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஆசிரியரைப் பழமைவாதி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் வேறு மாதிரிக் கேட்டேன்: "பசங்க எந்த ஸ்டெப்புல அதிகமா மார்க் விடுறாங்க சார்?" யோசிக்காமல் சொன்னார்: வெளிப்புறப் புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைகிற கணக்கில் மையக்குத்துக்கோடு போடுகிற இடம், போர்டில் அவர் பெரிய காம்பஸை வைத்து வரையும்போது அவர் முதுகு மறைத்துவிடுகிறது, பாதிப் பேருக்கு எந்தப் புள்ளியில் முனையை வைக்கிறார் என்பதே தெரிவதில்லை. இது ஜியோஜீப்ரா தீர்க்கக்கூடிய பிரச்சினை. வரைந்த படத்தை முதலிலிருந்து ஒவ்வொரு படியாக ஓட்டிக் காட்டுகிற வசதி அதில் இருக்கிறது. சார் ஒரு படி காட்டுவார், நிறுத்துவார், பிள்ளைகள் நோட்டில் அதை வரைவார்கள், அவர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போய்ப் பார்ப்பார், திரும்பி வந்து அடுத்த படி. போர்டில் வரைய வேண்டிய அவசியம் இல்லாததால் அவர் கடைசி பெஞ்சுவரை போக முடிந்தது. இப்போது வடிவியலுக்கு மட்டும் அவரே வந்து ரூம் கேட்கிறார். வரைபடத்துக்கு இன்றும் சாக்பீஸ்தான், இருக்கட்டும்.

எந்தக் கருவியைக் கொண்டுபோகலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் அந்த ஆசிரியருக்கு எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.

தமிழ் ஐயாவுக்கு வலித்த இடம் மனப்பாடப் பாடல். பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், ஆனால் ழகரம், ளகரம், லகரம் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது, நாற்பத்தைந்து பேரையும் தனித்தனியாகக் கேட்க நேரமில்லை. ஸ்மார்ட் போர்டு, அனிமேஷன் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. லேபில் இருக்கும் ஹெட்செட், விண்டோஸிலேயே வருகிற குரல் பதிவு செயலி, அவ்வளவுதான். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் சொல்லி, பதிவு செய்து, தன் குரலைத் தானே கேட்க வேண்டும். தன் குரலைக் கேட்டதும் முதலில் எல்லாருக்கும் வெட்கம், அப்புறம் "சார், இன்னொருவாட்டி சார்." ஐயா திருத்த வேண்டிய தேவையே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, அவர்களே கண்டுபிடித்துத் திரும்பப் பதிவு செய்தார்கள்.

அப்படியே தமிழ்த் தட்டச்சையும் அவர் பீரியடிலேயே சேர்த்துக்கொண்டோம். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 10லேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். உயிரெழுத்து பெரும்பாலும் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். அ, ம, ம, ஆ என்று நான்கு விசையில் "அம்மா". உயிர்மெய் எப்படி உருவாகிறது என்று ஐயா வருடக்கணக்காகப் போர்டில் எழுதிக் காட்டியதை ஆறாம் வகுப்புப் பிள்ளை விரலால் செய்துபார்க்கிறது. அவருக்கு அதில் ஏக சந்தோஷம். ஆசிரியர்களின் கேள்வித்தாள் சிக்கலுக்கும் இதுவே வழி. பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த ஃபைல் அந்த எழுத்துரு இல்லாத வேறு கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் பிடிஎஃப் ஆக்கியாவது எடுத்துப் போங்கள்.

லேபில் 20 சிஸ்டம், வகுப்பில் 45 பேர். இரண்டு பேருக்கு ஒன்று, சில இடத்தில் மூன்று பேர். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றால், ஒருவன் மவுஸைப் பிடித்துக்கொள்வான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஆண், பெண் சேர்ந்த ஜோடியாக இருந்தால் மவுஸ் யார் கையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வரிசையாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. பிறகு பஸ் மாதிரி ஆக்கினேன்: ஒருவர் டிரைவர், ஒருவர் கண்டக்டர். மவுஸ் டிரைவர் கையில், ஆனால் அவர் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே போக வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று கண்டக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் அவர் மவுஸைத் தொடக் கூடாது. கண்டக்டர் விசில் அடிக்காமல் டிரைவர் வண்டியை எடுத்தால் இறங்கி இடம் மாற வேண்டியதுதான். நான் பெல் அடித்ததும் ஆள் மாறும். இதில் எனக்கே எதிர்பாராத லாபம், பிள்ளைகள் செய்யப்போவதை வாயால் சொல்லப் பழகுகிறார்கள். "அந்த இது, அங்க, அத அழுத்து" என்று ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நாளில் "இடது பக்கம் மேல இருக்கிற மெனுவைத் திற" என்கிறார்கள். மூன்றாவது ஆள் இருந்தால் அவர் செக்கிங் இன்ஸ்பெக்டர், நோட்டில் குறித்துக்கொள்வார்.

பார்வைக் குறைபாடு உள்ள ஒரு பெண் எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். அவளை முதல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டால் போதும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். முதல் பெஞ்சிலும் அவளுக்குப் புரொஜெக்டர் படம் ஒரு வெளிச்சத் திட்டுதான். சிறப்பாசிரியர் வருகிற நாளில் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். திரையில் ஓடுவதே அவள் மேசையில் ஒரு லேப்டாப்பிலும் ஓடுகிறது, விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் உருப்பெருக்கி வரும், நிறத்தைத் தலைகீழாக்கிக் கறுப்பில் வெள்ளையாக வைத்துக்கொள்கிறாள், அவளுக்கு அதுதான் தெளிவாகத் தெரிகிறது. நீண்ட பத்திகளுக்கு என்விடிஏ என்ற இலவச திரைவாசிப்பான் போட்டிருக்கிறோம், தமிழையும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், அவளுக்குப் பழகிவிட்டது. இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவில்லை. செலவானது நேரம்தான், அதுவும் பாடக் குறிப்புகள் படமாக இல்லாமல் எழுத்தாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்ன நேரம். புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஸ்லைடில் ஒட்டினால் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், வாசிக்க அங்கே எதுவும் இல்லை. கடைசி பெஞ்சுக்கும் அது தெரியாது என்பது வேறு விஷயம். எந்த ஸ்லைடையும் போடுவதற்கு முன்னால் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு ஸ்லைடில் ஆறு வரிக்கு மேல் இருந்தால் எனக்கே படிக்க முடிவதில்லை. சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து வித்தியாசம் காட்டாதீர்கள், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பையன்கள் வகுப்புக்கு ஒருவராவது இருக்கக்கூடும், அவர்களுக்கே அது தெரிந்திருக்காது.

வீடியோவைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கல்வித் தொலைக்காட்சி 2019ல் வந்தது, மணற்கேணி செயலி 2023ல் வந்தது, பாடநூல் கியூஆர் கோடுகள் தீக்ஷா என்ற அரசுப் பாடத் தளத்துக்குக் கொண்டுபோகின்றன. பார்க்க நல்ல பாடங்கள் நிறைய இருக்கின்றன. பிரச்சினை அதில் இல்லை. வீடியோவைப் போட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்து நோட்டு திருத்துவதில்தான் பிரச்சினை. திருத்த வேண்டிய நோட்டும், ஏற்ற வேண்டிய விவரங்களும் மலையாக இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும், அதில் பாதியை நானே ஏற்றுகிறேன். ஆனாலும் இருட்டறையில் அரை மணி நேர வீடியோ ஓடினால் மதியப் பீரியடில் பாதி வகுப்பு தூங்கும். நான் ஆசிரியரிடம் கேட்பது ஒன்றுதான்: எந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும், அங்கே என்ன கேட்கப்போகிறீர்கள்? அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்தால் போதும், அந்த இடத்தில் நானே நிறுத்திவிடுவேன். சீட்டு வராத வீடியோவில் ஐந்து நிமிடத்துக்குமேல் எதுவும் தேறுவதில்லை. ஸ்மார்ட் கிளாஸ் நடந்ததற்கு ஆதாரமாகப் போட்டோ எடுத்து குரூப்பில் போடச் சொல்கிறார்கள், போடுகிறோம். திரையும் பிள்ளைகளும் அந்தப் போட்டோவில் நன்றாகவே விழுகிறார்கள், தூங்குகிறவர்கள் உட்பட.

எதையும் இறக்கி வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். நெட் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வகுப்பு, பாடம், அலகு எண் என்று ஃபோல்டர் போட்டு ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கிறேன். ஆசிரியர் பெயரில் ஃபோல்டர் போடாதீர்கள், அவர் மாறுதலில் போனால் அடுத்து வருகிறவருக்கு எதுவும் கிடைக்காது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைத் தேதி முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும், அதைக் கிழித்து டைம்டேபிள் பக்கத்தில் ஒட்டிவிடுவேன், அன்றைக்கு யாருக்கும் ரூம் கொடுப்பதில்லை. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் திரைச்சீலைக்குக் காசு கேட்டுக் காத்திருக்க வேண்டாம், பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பிக் கட்டினால் போதும். படம் வரவில்லை என்றால் முதலில் விண்டோஸ் விசையையும் P எழுத்தையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், அப்புறம் கேபிள். சாக்பீஸ் தூள் புரொஜெக்டர் ஃபில்டரை அடைத்துவிடும், மாதம் ஒருமுறை ஊதி எடுங்கள், இல்லையென்றால் சூடாகித் தானே அணைந்துகொள்ளும், அதுவும் எப்போதும் ஆய்வுக்கு ஆள் வந்திருக்கிற நாளில்.

கேள்வித்தாளுக்குச் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தலாமா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். கேள்வி எடுக்கச் சொல்லுங்கள், விடையை நம்பாதீர்கள். புத்தகத்தில் இல்லாத செய்தியைப் புத்தகத்தில் இருப்பதுபோலவே நல்ல தமிழில் சொல்லிவிடுகிறது. ஆசிரியர் ஒருமுறை படித்துப் பார்க்காமல் எந்தத் தாளையும் நான் பிரிண்ட் எடுத்துக்கொடுப்பதில்லை.

நான் லீவு போடுகிற நாளுக்காக ஸ்மார்ட் போர்டு பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். எந்த சுவிட்சை முதலில் போட வேண்டும், அணைக்கும்போது எதைக் கடைசியில் அணைக்க வேண்டும், ஒலி வராவிட்டால் எங்கே பார்க்க வேண்டும், எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில், சுவிட்சுகளில் ஒட்டிய அதே நிற ஸ்டிக்கரோடு. மேனுவலை யாரும் திறக்க மாட்டார்கள், அட்டையைப் படிப்பார்கள். பத்தாம் வகுப்பில் இரண்டு பெண்களுக்கும் ஒரு பையனுக்கும் முழு வேலையும் தெரியும், ஆனால் ஆசிரியர் கேட்காமல் எழுந்து வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்து பட்டனைச் சொல்லிக்கொடுக்கிற கடைசி பெஞ்சுக்காரன்தான் அந்தப் பையன்.

மே மாத விடுமுறைக்கு முன்னால் மறக்காமல் செய்ய வேண்டியது: எல்லா பிளக்கையும் உருவிவிடுங்கள், கேபிள்களைத் தரையில் விடாமல் மேசைமேல் சுருட்டி வையுங்கள், எலி எங்கள் ஊரில் ஒயர் தின்றே வளர்கிறது. ஜூனில் திறந்ததும் இணையதளங்கள் எல்லாம் "பாதுகாப்பற்றது" என்று சொல்லித் திறக்க மறுத்தால் நெட் கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன்னால் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரி தீர்ந்து கம்ப்யூட்டர் ஏதோ பழைய வருடத்துக்குப் போயிருக்கும். சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முன்பே நான்கைந்து வாங்கி மேசை டிராயரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பில்லுக்கு எச்.எம்.மிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.